கடலோர மின்காப்பிக்கு மைக்ரோவா, நானோவா?

கல்லடி முதல் கல்முனை வரை கடலோர மின்காப்பிகளில் (மின்கம்பியைக் கம்பத்தில் படாமல் தாங்கும் பாகங்களில்) உப்புப் படியும். தூறல் நனைத்தால் மேற்பரப்பில் மின்சாரம் கசியும்; அதில் எழும் மின்பொறியின் சூடு மேற்பரப்பை அரிக்கும். நீரை ஒட்டவிடாத சிலிக்கோன் இறப்பர் இங்கே நல்லது. சரி, அதற்குள் எந்த நிரப்பி, அதாவது இறப்பரோடு கலக்கும் தூள்?

மைக்ரோ அளவு அலுமினியம் ஹைட்ரொட்சைட்டை எடையில் பாதிவரைகூடச் சேர்ப்பார்கள். சுமார் 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது நீரை வெளிவிட்டு மேற்பரப்பைக் குளிர்விக்கும். மலிவு, ஆனால் நெகிழ்வு குறையும்.

நானோ சிலிக்கா ஒருசில சதவீதமே போதும். துகள்கள் 100 நானோமீற்றருக்கும் சிறியவை என்பதால் இறப்பரைத் தொடும் பரப்பு மிகப் பெரிது. மின்பொறி அரிப்பது மெதுவாகும். சிக்கல் கலப்பதில்தான். துகள்கள் கட்டிபட்டால் அந்த இடமே பலவீனம். அதைத் தடுக்கத் துகளை இறப்பரோடு ஒட்டவைக்கும் சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூச வேண்டும், செலவு ஏறும்.

நம் கடற்கரைக் கம்பங்களுக்கு மைக்ரோவோடு கொஞ்சம் நானோ கலந்ததையே நான் தெரிவுசெய்வேன்.