கிளிப் மேக்ரோ லென்ஸ்: குதிக்கிற சிலந்தி பார்க்க வாங்கினது, 5க்கு 3 ஸ்டார்

மொபைல்ல மாட்டுற மேக்ரோ லென்ஸ், ஆன்லைன்ல 700 ரூபாய், ரெண்டு மாசம் ஓட்டிப் பார்த்துட்டுதான் எழுதறேன். மத்தவங்க எல்லாம் பூவையும் மோதிரத்தையும் எடுத்துப் போட்டு சூப்பர்னு எழுதியிருக்காங்க, நான் வாங்கினது எங்க வீட்டு கருவேப்பிலைச் செடியில திரியற குதிக்கிற சிலந்திக்காக.

படம் நிஜமாவே நல்லா வருது. அரிசி நீளம்கூட இல்லாத பூச்சி, வெறும் மொபைல்ல எடுத்தா ஒரு புள்ளி, அவ்வளவுதான். இதை மாட்டினா முன்னாடி நாலு கண்ணு வரிசையா தெரியுது, நடுவுல ரெண்டும் லாரி ஹெட்லைட் கணக்கா, முதுகுல மினுக்குற செதில்கூட தனித்தனியா எண்ணலாம் போல. ஆனா ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிட்ட போனாதான் ஃபோகஸ் ஆகும், ஒருநாள் அப்படிப் போனப்ப அது லென்ஸ் கண்ணாடியைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கிக் காட்டிட்டு அப்படியே லென்ஸ் மேலயே தாவிருச்சு, மொபைல் கைதவறி தொட்டிக்குள்ள விழுந்துச்சு 😅

இப்ப குறை. விளம்பரத்துல "எந்தப் பூச்சியையும் அடையாளம் காணலாம்"னு போட்டிருக்கான் பாருங்க, அது சுத்தப் பொய். என் படத்தை சிலந்தி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டினேன், ஃபின்டெல்லாங்கற ஜீனஸா (அதாவது நெருங்கின சொந்தமான இனங்களைச் சேர்த்து வைக்கிற பேரினம்) இருக்கலாம், ஃபின்டெல்லாய்டிஸ்ங்கற ஜீனஸாவும் இருக்கலாம், படத்தை வச்சு சொல்ல முடியாதுன்னுட்டாரு. இந்த ஃபின்டெல்லாய்டிஸ் 2019லதான் தனி ஜீனஸ் ஆச்சாம், இலங்கை ஆய்வாளர்கள் டிஎன்ஏவையும் உடம்பு அமைப்பையும் சேர்த்துப் பார்த்துப் பிரிச்சது. 1846லயே பேரு வச்ச வெர்சிகலர்ங்கற சிலந்தி அதுவரைக்கும் ஃபின்டெல்லாவுல இருந்துச்சு, 2014ல இந்தியாவுலேர்ந்து விவரிச்ச ஜேசுதாசிங்கறது கிரைசில்லாங்கற ஜீனஸ்ல இருந்துச்சு, ரெண்டையும் தூக்கி இதுல போட்டுட்டாங்க. கலரை நம்பினா ஏமாந்துதான் போகணும். ஆணுன்னா மூஞ்சிக்கு முன்னாடி பாக்ஸிங் கிளவுஸ் மாதிரி ரெண்டு குட்டிக் கை இருக்கும், அதோட நுனி அமைப்பைப் பார்க்கணும், பொண்ணுன்னா வயித்துக்கு அடியில இருக்கிற இனப்பெருக்க உறுப்பைப் பார்க்கணும். அதுக்கு மைக்ராஸ்கோப் வேணும், 700 ரூபா கிளிப்புக்கு எப்படித் தெரியும்? என் லென்ஸ்ல அந்தக் குட்டிக் கை மங்கலான ரெண்டு உருண்டையாதான் விழுது.

இன்னொன்னு, கிளிப் உள்பக்க ரப்பர் மூணாவது வாரமே கழண்டு வந்துருச்சு, இப்ப பழைய சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டியிருக்கேன், ஒரிஜினலைவிட நல்லா பிடிக்குது. படத்தோட ஓரம் எல்லாம் கலங்கலாதான் வரும், பூச்சியை நட்ட நடுவுல வச்சு எடுங்க. காத்தில்லாத காலை நேரம் பெட்டர், இலை ஆடினா போச்சு.

பசங்களுக்கு சிலந்தி காட்டணும், சும்மா ரசிக்கணும்னா தாராளமா வாங்கலாம். பேரு கண்டுபிடிக்கன்னு வாங்கிடாதீங்க.