கட்டில் பக்கத்துக்கு குட்டி டேபிள்: பார்ட்டிகிள் போர்டா, தேக்கா?

அம்மாக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்புறம் கட்டில் பக்கத்துல ஒரு சைடு டேபிள் இல்லாம முடியல. தண்ணி சொம்பு, மாத்திரை டப்பா, கண்ணாடி, போன் எல்லாம் கை எட்டுற தூரத்துல இருக்கணும். உயரம் மெத்தை மட்டத்துக்கு வரணும், எங்க கட்டிலுக்கு அது 22 இன்ச்.

மொதல்ல ஆன்லைன்ல 1,600 ரூபாய்க்கு பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை பசை போட்டு அழுத்தின பலகையில செஞ்ச டேபிள் வாங்கினோம். பாக்க அழகு, ட்ராயரும் இருந்துச்சு, நாமளே அரை மணி நேரத்துல மாட்டிடலாம். ஆனா நம்ம வீட்டுல தினமும் தரை துடைப்போம்ல, அங்கதான் பிரச்சனையே. மேல இருக்கற லேமினேட் தண்ணிய உள்ள விடாது, ஆனா அடியில வெட்டின ஓரம் திறந்தே கிடக்கும், மாப் ஈரம் அது வழியா ஏறிடும். அஞ்சாவது மாசம் கால் கிட்ட விரல் வச்சு பாத்தா ஓரத்து டேப் பிரிஞ்சு, உள்ள மரத்தூள் ஊறின அவல் மாதிரி உப்பியிருக்கு. வெயில்ல காய வச்சாலும் உப்பினது உப்பினதுதான், திரும்ப இறங்காது. ஸ்க்ரூவும் பிடிக்கல, டைட் பண்ண பண்ண தூளா கொட்டுச்சு.

அப்புறம் ஆசாரி அண்ணன்கிட்ட சொல்லி பழைய ஜன்னல் நிலை தேக்குல ஒண்ணு செஞ்சோம், கூலியோட 3,800 ஆச்சு. தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கறதால ஈரத்தையும் கரையானையும் நல்லா தாங்கும், அதுக்கு மேல கால் அடியில ரப்பர் புஷ் போட்டுட்டோம். ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு ஆட்டம் இல்ல. அம்மா எந்திரிக்கும்போது வாக்கரை விட்டுட்டு டேபிளதான் அழுத்தி ஊணுறாங்க, வேணாம்னு சொன்னாலும் கை அங்கதான் போகுது, அந்த நேரத்துல வெயிட்டான மரம் நகராம நிக்குது பாருங்க, எனக்கு அதுவே போதும். பிளாஸ்டிக் ஸ்டூலா இருந்தா வழுக்கிட்டு போயிடும்.

சோபாவுக்கு கீழ நுழையற சி வடிவ இரும்பு டேபிள் தம்பி வீட்டுல இருக்கு, லேப்டாப் வைக்க, தட்டு வச்சு சாப்பிட வசதி. நான் அங்க போறப்ப ஒரு வாரம் பத்து நாள் பழகினதுதான், ஆனா ஓரத்துல ஊணினா சாயும்.

தேக்குலயும் ஒரு குறை உண்டு, சூடான டம்ளர பாலிஷ் மேல அப்படியே வச்சா வெள்ளையா வட்டம் விழுது, அதனால ஒரு துணி விரிச்சு வச்சிருக்கோம். தேக்கு கட்டுப்படியாகலன்னா ஐஎஸ் 710 முத்திரை போட்ட, தண்ணி தாங்கற மரைன் பிளைவுட்ல செய்ய சொல்லுங்க, கால் அடி ஓரத்தையும் சேத்து சீல் பண்ண சொல்லிடுங்க.