எறும்பை விரட்ட எது உதவும்: சாறா, வேகவைத்த நீரா, தோல் எண்ணெயா?

எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை எறும்புக்கு ஆகாது என்பார்கள். அப்படியானால் ஆரஞ்சு மரத்திலேயே இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை என்ன சொல்வது? சீனாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சிகளைப் பிடிக்க இந்த எறும்பைப் பல நூற்றாண்டுகளாக வளர்த்து வந்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவிலோ இலைவெட்டி எறும்புக்கு வைக்கும் விஷ இரையில், ஆசை காட்டச் சேர்ப்பதே உலர்ந்த ஆரஞ்சுச் சக்கைதான். ஆகப் பழத்தின் எந்தப் பகுதியிலிருந்து எதை எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

முதலில் சாறு. எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் போக முக்கியமாக இருப்பது 5-6 சதவீத சிட்ரிக் அமிலம். எறும்புச் சாரையின் மேல் ஊற்றித் துடைத்தால் வரிசை கலையும், உண்மைதான். ஆனால் அது முன்னால் போன எறும்புகள் விட்ட வாசனைத் தடம் அழிவதால். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியும் இதே வேலையைச் செய்யும். ஆரஞ்சுச் சாறு இன்னும் மோசம். அதில் 8 முதல் 10 சதவீதம் சர்க்கரை, காய்ந்த பிறகு எறும்புக்கு விருந்து வைத்த கதைதான்.

தோலை வேகவைத்து வடிகட்டித் தெளிப்பவர்கள் அதிகம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பூச்சியைத் தாக்கும் பொருள் லிமோனீன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். அது தண்ணீரில் கரையாது, நீராவியோடு போய்விடும். கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணம்தான் மருந்து! பாத்திரத்தில் மிஞ்சுவது கசப்புத் தண்ணீர்.

உலராத தோலின் நிறப்பகுதியை மட்டும் சீவி ஆல்கஹாலில் ஊறவைத்தால் லிமோனீன் நன்றாக இறங்கும். தோலிலிருந்து பிழிந்தெடுத்த எண்ணெய் அதைவிட வீரியம். மேலே பட்டால் எறும்பின் உடலைப் போர்த்திய மெழுகைக் கரைத்துக் கொல்லும். அதே குணம் செடியின் இலையையும் கருக்கும், தெர்மோகோலையும் உருக்கும். தீப்பற்றும், பூனைக்கு ஆகாது. காற்றுப்பட்டுப் பழசான எண்ணெய் தோலில் ஒவ்வாமை தரும். இயற்கை என்பதால் சாது என்று நினைக்க வேண்டாம்.

சோதித்துப் பார்க்கிறவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். எண்ணெயைச் சோப்பில் கலந்து தெளித்து, எறும்பு செத்ததும் ஆரஞ்சுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வெறும் சோப்புத் தண்ணீரும் எறும்பைக் கொல்லும், வெறும் ஆல்கஹாலும் கொல்லும். அதனால் இவை இரண்டையும் தனியாக வைத்து ஒப்பிட வேண்டும். விரட்டுகிறதா என்பது தனிக் கேள்வி: இரண்டு தாள்களில் ஒன்றில் தோல் ஊறிய ஆல்கஹால், மற்றதில் வெறும் ஆல்கஹால் தடவி, காய்ந்ததும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சொட்டுச் சர்க்கரைப் பாகு வைத்து, வரும் எறும்புகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். அப்புறம் தாள்களை இடம் மாற்றி மறுபடியும் பாருங்கள். லிமோனீன் ஆவியாகிவிடுவதால், முதல் மணிநேரக் கணக்கும் மறுநாள் கணக்கும் ஒன்றாக இருக்காது.

சரி, புற்றையே ஒழிக்க வேண்டுமென்றால்? வெளியே திரிவது கூட்டத்தில் ஒரு பகுதிதான். ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அங்கே சர்க்கரையில் சிறிதளவு போரிக் ஆசிட் கலந்த இரை, எந்தத் தோல் எண்ணெயையும் தோற்கடித்துவிடும். மெதுவாகக் கொல்வதால் எறும்புகளே அதைச் சுமந்துபோய் ராணிக்கும் ஊட்டும். குழந்தைகள், வளர்ப்புப் பிராணிகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் எண்ணெய் தெளித்துவிடாதீர்கள். வாடை இருக்கும்வரை இரையை எறும்பு எட்டிப் பார்க்காது.