பிள்ளைக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது? ஏசர் தாள்களை வீட்டில் பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு வாசிக்க வருகிறது, கணக்கில் எந்த இடம்வரை கைகூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மும்பைப் பெற்றோருக்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளி தரும் மதிப்பெண் அட்டை இருக்கிறது. நாள்தோறும் கைப்பேசியில் அறிவிப்பு அனுப்பும் பள்ளிச் செயலி இருக்கிறது. டியூஷன் நிலையத்தின் வாராந்தரத் தேர்வும், ஆண்டுச் சந்தா கட்டிச் சேரும் கற்றல் செயலிகளும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் நடுவில், அச்செடுக்கும் காசைத் தவிர வேறு செலவே வைக்காத ஏசர் தாள்கள்தாம் மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லின என்பதால், அவற்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

ஏசர் என்ற பெயரைச் செய்தித்தாளில் பலரும் பார்த்திருப்பார்கள். 1995இல் மும்பையின் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி தருவதற்காகத் தொடங்கப்பட்ட பிரதம் அமைப்பு, 2005 முதல் நாட்டின் ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் ஆய்வு அது. 2024ஆம் ஆண்டு ஆய்வு 605 மாவட்டங்களில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைத் தொட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 27.1 விழுக்காட்டினரால் மட்டுமே இரண்டாம் வகுப்பு அளவிலான பாடத்தை வாசிக்க முடிந்தது என்ற செய்தி அந்த அறிக்கையில் வந்ததுதான். இந்த ஆய்வுக்காக வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள் கையில் எடுத்துச் செல்லும் அதே தாள்கள் தமிழ், மராத்தி, இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் ஏசர் மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊரகத்துக்காக உருவானவை என்றாலும் செம்பூரிலோ சயானிலோ உள்ள அடுக்குமாடி வீட்டில் அவற்றைப் பயன்படுத்தத் தடையேதும் இல்லை.

வாசிப்புத் தாளில் நான்கு பகுதிகள் உள்ளன. சில எழுத்துகள், சில எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவில் நான்கு வரிகள் கொண்ட ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் சற்றே நீண்ட ஒரு கதை. எழுத்திலிருந்து தொடங்காமல் பத்தியிலிருந்து தொடங்கச் சொல்வதுதான் இதன் நுட்பம். பத்தி சரளமாக வந்தால் கதைக்குப் போக வேண்டும். வராவிட்டால் சொற்களுக்கு இறங்க வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்துகளுக்கு. ஐந்து சொற்களைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து வாசிக்க, குறைந்தது நான்கு சரியாக இருந்தால் அந்த நிலை கைவந்ததாகக் கொள்ளலாம். பத்தியிலும் கதையிலும் மூன்று பிழைகள்வரை பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. மெதுவாக வாசித்தாலும் குறையில்லை. ஆனால் சொல் சொல்லாகத் துண்டு துண்டாக வாசிக்காமல், வாக்கியமாக வாசிக்க வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையில் பிள்ளைக்குத் தேர்வு எழுதிய களைப்பே இருப்பதில்லை.

எங்கள் பள்ளியின் செயலியை இதனோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதன் தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடவாரியாக வண்ணப் பட்டைகள் வருகின்றன, நட்சத்திரங்கள் வருகின்றன, வருகைப் பதிவும் கட்டண நினைவூட்டலும் தவறாமல் வருகின்றன. ஆங்கிலத்தில் ‘ஏ’ என்றும் கணக்கில் 84 விழுக்காடு என்றும் காட்டும் அந்தத் திரை, அந்த 84இல் எது வந்தது, மீதமுள்ள 16இல் எது வரவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை. பிள்ளையுடன் நாளை மாலை உட்கார்ந்து எதைப் படிக்க வேண்டும் என்று தெரியாத பெற்றோருக்கு, எத்தனை வண்ணத்தில் காட்டினாலும் ஒரு விழுக்காட்டால் பயனில்லை. இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், நாங்கள் சந்தா கட்டிய கற்றல் செயலியும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கிறது. அதில் பிள்ளை எத்தனை நிமிடம் செலவிட்டாள் என்ற கணக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவே.

தமிழ்த் தாளில் என் மகள் வாசித்த விதம் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. அவள் ஆங்கில வழியில் படிப்பவள். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராட்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம் என்பதால் முதல் வகுப்பு முதலே தேவநாகரி எழுத்தோடு பழகியவள். தமிழ் எழுத்துகளை வீட்டில் பாட்டிதான் சொல்லிக்கொடுத்தார். சொற்களின் பகுதியில் ‘செடி’ என்பதைச் ‘சேடி’ என்றும், ‘கொடி’ என்பதைக் ‘கோடி’ என்றும் அவள் வாசித்தாள். ‘மரம்’, ‘பாட்டி’, ‘தம்பி’ ஆகியவற்றில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. எகர ஒகரக் குறில்களில் மட்டுமே அவள் சறுக்குகிறாள் என்பதைக் கவனித்தபோதுதான் காரணம் புரிந்தது. மராத்தி எழுத்தில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறில், நெடில் என்று தனித்தனி வடிவங்கள் வழக்கில் இல்லை. ஆகவே தமிழின் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாட்டை அவள் கண் பொருட்படுத்தவே இல்லை. பேசும்போது செடியைச் செடி என்றுதான் சொல்கிறாள். ‘தமிழில் பின்தங்கியிருக்கிறாள்’ என்று பொதுவாகச் சொல்லிக் கவலைப்படுவதற்கும், ‘கொம்பைப் பார்த்து வாசிக்கப் பழக வேண்டும்’ என்று தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! பாட்டி அன்றே கெ–கே, தொ–தோ என்று இணை இணையாக எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டார்.

பல மொழிகளில் ஒரே அமைப்பில் கிடைப்பது இந்தத் தாள்களின் மிகப் பெரிய வலிமை என்று நான் கருதுகிறேன். மூன்று நான்கு மொழிகளுக்கு நடுவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்துகிறது. என் மகள் மராத்தித் தாளில் பத்தியை எளிதாகக் கடந்தாள். தமிழில் சொற்களோடு நின்றாள். வாசிக்கும் திறமை அவளிடம் இருக்கிறது, தமிழ் எழுத்தோடுதான் பழக்கம் போதவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. ஒரு பிள்ளை எல்லா மொழிகளிலும் சொற்களிலேயே நின்றுவிட்டால் அது வேறு செய்தி. எழுத்துகளைச் சேர்த்துக் கூட்டி வாசிப்பதில் சிக்கல் இருக்கிறதா, கண்பார்வை சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டிவரும்.

கணக்குத் தாளும் இதே வழியில் செல்கிறது. கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய ஈரிலக்கக் கழித்தலில் தொடங்கி, அது வந்தால் மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பதற்கு ஏற வேண்டும். வராவிட்டால் எண்களை அடையாளம் காண்பதற்கு இறங்க வேண்டும். விடை சரியா தவறா என்று மட்டும் குறித்துக்கொண்டு பெற்றோர் நிறுத்திவிடக் கூடாது. நாங்கள் கூடுதலாக எழுதிப் பார்த்த 52இலிருந்து 27ஐக் கழிக்கும் கணக்குக்கு அவள் 35 என்று எழுதினாள். கவனக்குறைவாகத் தெரிந்தாலும் அதன் பின்னே ஒரு முறை இருந்தது: இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டாள். இது உலகெங்கும் சிறு பிள்ளைகள் செய்யும் பிழைதான். பத்தை உடைத்து ஒன்றுகளாக்குவது என்றால் என்ன என்று விளங்காமல் கழித்தல் பயிற்சித் தாள்களை அடுக்கிக்கொண்டே போனால், அந்தப் பிழையைத்தான் அவள் கூடுதல் வேகத்தில் செய்வாள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவதும் முதன்மையானதுமான குறை, தாய்மொழி வாசிப்புத் தாளில் பொருள் புரிந்ததா என்று கேட்பதில்லை என்பது. ஆங்கிலத் தாளில் சொல்லின், வாக்கியத்தின் பொருள் கேட்கப்படுகிறது. மற்ற மொழிகளில் உரக்க வாசித்தாலே போதும். தமிழில் இது பெரிய ஓட்டை. வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று பேசும் பிள்ளை, தாளில் உள்ள ‘வந்துவிட்டார்கள்’ என்பதைப் பிசிறில்லாமல் வாசித்துவிட்டு, யார் வந்தார் என்று தெரியாமல் விழிக்கலாம். ஆகவே கதை முடிந்ததும் ‘என்ன நடந்துச்சு, சொல்லும்மா’ என்று பேச்சுத் தமிழிலேயே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். இரண்டாவது குறை, இதன் உச்சவரம்பு. வாசிப்பு இரண்டாம் வகுப்பு அளவோடு நின்றுவிடுவதால், கதையை எளிதாக வாசிக்கும் பிள்ளையைப் பற்றி மேலதிகமாக எதையும் இது சொல்லாது. ஒரே கதையை மீண்டும் கொடுத்தால் மனப்பாடமாகிவிடும் என்பதையும் நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரித் தாளை எடுக்க வேண்டும்.

வாசிப்பு வேகத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் சில பெற்றோர் கைப்பேசியில் நேரம் குறித்துக்கொண்டு பிள்ளை முன் உட்காருகிறார்கள். ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். அதே கருத்துக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். 2022இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்விலும் மொழிக்கு மொழி தனித்தனி வேக அளவுகள்தாம் வகுக்கப்பட்டன. தமிழ் வாசிப்புக்கு 60ஐ அப்படியே வைத்துப் பிள்ளையை விரட்டுவது நியாயமே இல்லை.

பதிவு செய்வதற்கு ஒரு பழைய நாட்குறிப்பே போதும்: தேதி, மொழி, எட்டிய நிலை, கேட்ட பிழைகள் அப்படியே எழுத்து மாறாமல். பருவத்துக்கு ஒரு முறை வைத்தாலே நிறைவு. மாதந்தோறும் வைத்தால் அது தேர்வாகிவிடும். வாசிக்கும்போது இடையில் திருத்தக் கூடாது என்பது ஏசர் தன்னார்வலர்களுக்கும் உள்ள விதி. உறவினர் முன்னிலையில் வாசிக்கச் சொல்லவே கூடாது என்பதை நான் கூடுதலாகச் சேர்ப்பேன்.

பெற்றோர் சந்திப்பு நாளில் இந்தக் குறிப்புகள் எனக்குக் கைகொடுத்தன. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத அந்தக் கூட்டத்தில், ‘எப்படிப் படிக்கிறாள்?’ என்று கேட்டால் ‘நன்றாகப் படிக்கிறாள்’ என்ற விடையோடு திரும்ப வேண்டியதுதான். கழித்தலில் அவள் செய்வதை எழுதிக் காட்டியதும் வகுப்பாசிரியை உடனே புரிந்துகொண்டு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் கழிக்கும் முறையை விளக்கினார். வகுப்பில் இன்னும் சிலருக்கும் அதே சிக்கல் இருக்கக்கூடும் என்று சொல்லித் தம் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார்.

ஒன்றாம் வகுப்பின் நடுப்பகுதி முதல் மூன்றாம் வகுப்பு முடியும்வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தத் தாள்களைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களுக்கும் தமிழ்த் தாள் அப்படியே பொருந்தும். எழுதப் படிக்கத் தெரிந்த அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால் அவர்களே இதை நடத்திவிடலாம். கதையும் வகுத்தலும் தடையின்றி வந்துவிட்ட பிள்ளைக்கு இவற்றை மீண்டும் கொடுக்க வேண்டாம். அடுத்த வகுப்புப் பாடநூலில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொல்லி, அதிலிருந்து கேள்வி கேட்பதே அப்போது பொருத்தமான சோதனை.