எத்திலீனா, அசிட்டிலீனா: எந்தத் தாளை நம்புவது?

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாம்பழம் பழுக்க வைக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. தோத்தாபுரி முழுக்க கூழ் ஆலைக்குப் போய்விடும். செந்தூராவும் பங்கனப்பள்ளியும்தான் அறைக்கு வரும். போன சீசன் நடுவில் அக்கா மகன் ஒரு வீடியோவை அனுப்பி, “மாமா, நாம விடுறதும் கல்லு கேஸ்தானா?” என்று கேட்டான். பழுக்க வைக்க நாங்கள் விடும் எத்திலீனும், ‘கல்லு’ என்கிற கால்சியம் கார்பைடில் கிளம்பும் கேஸும் ஒன்றே, பழத்தில் ஆர்செனிக் ஏறும், அறையே வெடிக்கும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். எதை வைத்துப் பார்த்தேன், எது கைகொடுத்தது என்பதுதான் இந்த அலசல்.

வீடியோவை நம்பக்கூடாது என்பது தெரிந்ததுதான். மண்டியில் கேட்டால் ஆளுக்கொரு கதை. மிச்சம் இருந்தவை இரண்டு: கேஸ் விற்றவர் தந்த பாதுகாப்புத் தரவுத் தாள், ஐ.எல்.ஓ.வும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிடும் சர்வதேச வேதிப்பொருள் பாதுகாப்பு அட்டை. என் ஓட்டு அட்டைக்குத்தான்.

விற்றவர் தாளில் 16 பிரிவுகள். பார்க்கக் கனமாக இருக்கும். முதலுதவி, தீயணைப்பு, சேமிப்பு, எல்லாம் உண்டு. எனக்கு வந்த தாளில் மேலே கொட்டை எழுத்தில் எத்திலீன். மூன்றாம் பிரிவில் பொருளின் சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) 74-86-2. அது அசிட்டிலீனுடைய எண். எத்திலீன் 74-85-1. வேறு ஏதோ தாளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போல. கல்லில் தண்ணீர் பட்டால் கிளம்புவது இந்த அசிட்டிலீன்தான். வீடியோக்காரர் செய்த அதே குழப்பத்தை விற்றவரும் செய்திருந்தார்.

இந்த எண்ணில்தான் என் முடிவே நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சி.ஏ.எஸ். எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்க்க வைத்தது. அதை விட்டுவிட்டு வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 என்று பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் ஒன்றாம் இலக்கம் அதுவாக வரவேண்டும். 74-85-1க்கு: 5, 16, 12, 28, மொத்தம் 61. ஒன்று வந்துவிட்டது. சரி, 74-86-2? 6, 16, 12, 28, மொத்தம் 62. இதுவும் சரியாகத்தான் வருகிறது! தட்டச்சுப் பிழை என்றால் இந்தக் கணக்கு பிடித்துக் கொடுக்கும்; வேறு பொருளின் எண்ணை முழுசாக ஒட்டியிருந்தால் பிடிக்காது. எண்ணைத் தேடி, அந்த எண் எந்தப் பெயரைக் கொண்டுவருகிறது என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நான் அட்டைகளில் தேடினேன். அசிட்டிலீன் என்று வந்தது.

அட்டை இரண்டே பக்கம். விற்பவர் யாருக்கும் அதில் லாபமில்லை. எத்திலீன் காற்றில் 2.7 முதல் 36 சதவீதம் வரை கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும் என்கிறது. பழத்துக்கு விட அனுமதி உள்ள உச்ச அளவு 100 பிபிஎம், அதாவது 0.01 சதவீதம். வெடிக்கும் அளவு அதைப்போல 270 மடங்கு. அறையில் அளவாக விடும் வரை வீடியோ சொன்ன வெடி இல்லை. சிலிண்டர் திறந்தே கிடந்தால் கதை வேறு. எத்திலீன் காற்றை விட ஒரு நூல்தான் லேசு என்பதும் அதில் இருந்தது. சமையல் கேஸ் மாதிரி தரையில் போய்த் தேங்காது, பரவலாக நிற்கும். கீழே மட்டும் ஜன்னல் வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னது அடிபட்டது. (வீட்டில் சமையல் கேஸ் கசிந்தால் எந்த அட்டையும் தேடவேண்டாம், அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906க்கு அடியுங்கள்.)

ஆர்செனிக் பேச்சு பாதி உண்மை. அது கல்லின் கதை. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கலப்படமாக இருக்கும். பூண்டு மாதிரி வாடை அடிப்பது அந்தப் பாஸ்பரஸிலிருந்து வரும் பாஸ்பீன் என்ற வாயு கலப்பதால். அதற்காகத்தான் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே பழத்துக்குக் கல் தடை.

அட்டையிலும் குறை உண்டு. அது தூய பொருளைப் பற்றிப் பேசும். நம் சிலிண்டரில் எத்திலீனோடு நைட்ரஜன் கலந்திருந்தால் எவ்வளவு என்று விற்றவர் தாள்தான் சொல்லவேண்டும், அதுவும் ஒழுங்காக எழுதியிருந்தால். அட்டைக்கும் மற்ற தாள்களுக்கும் எண்கள் ஒத்துப்போகாத இடமும் வரும். அசிட்டிலீன் காற்றில் தீப்பற்றும் அளவின் மேல் வரம்பைச் சில இடங்களில் 80 சொச்சம் சதவீதம் என்றும் சில இடங்களில் 100 என்றும் போட்டிருப்பார்கள். காற்றே இல்லாமலும் அது சிதைந்து வெடிக்கக்கூடியது என்பதால் அந்த 100; அச்சுப்பிழை இல்லை. டீசல், பெட்ரோல் தாள்களை நான் இப்படிக் குடைந்ததில்லை, அவற்றுக்கு என் அனுபவம் உதவாது. முதலுதவிப் பகுதி எந்தத் தாளில் மேல் என்றும் சொல்லத் தெரியாது, இதுவரை தேவைப்படவில்லை.

விற்றவரிடம் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதாங்க, பழம் பழுக்குதுல்ல?” என்றார். இந்த சீசனுக்கு வேறு ஆள். அவர் தந்த தாளில் எண் 74-85-1, நைட்ரஜனின் அளவும் திருத்திய தேதியும் இருந்தன. அட்டையையும் அதையும் சேர்த்து அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.