கைகழுவக் கற்பிக்க எது கைகொடுக்கும்: பாட்டா, மஞ்சளா, குழாயா?

சத்துணவு மணி அடித்ததும் குழாயடியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இடது கையில் தட்டு. வலது கை விரல் நுனிகளை மட்டும் தண்ணீரில் காட்டிவிட்டு, தட்டையும் ஒரு அலசு அலசிக்கொண்டு பிள்ளை ஓடிவிடும். பக்கத்தில் சோப்பு இருந்தாலும் இதே கதைதான். ஒரு கை தட்டைப் பிடித்திருக்கும்போது இன்னொரு கையை எதைக் கொண்டு தேய்ப்பது? அதே பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கேட்டால் கைகழுவும் ஆறு படிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்த முறை குறைக்கிறது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

பாட்டும் சுவர்ப்படமும்

செலவே இல்லை என்பதால் எல்லாப் பள்ளியிலும் இதுதான் முதலில் வரும். வரிசையை மனதில் பதிக்கப் பாட்டு நன்றாகவே உதவும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, மடக்கிய விரல்களின் முதுகு, கட்டைவிரல், நகநுனி என ஆறு. சிலர் மணிக்கட்டை ஏழாவதாகச் சேர்ப்பார்கள். வட மாநிலங்களில் 'சுமன்-கே' என்று சொல்லித்தருகிறார்கள். சீதா, உல்டா, முட்டி, அங்கூட்டா, நாகூன், கலாய் ஆகிய இந்திச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அந்த எழுத்துகளை அப்படியே தமிழ்ப் பிள்ளைக்குக் கொடுத்தால் எதைத் தேய்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உறுப்பின் பெயரையே சொல்ல வைப்பது மேல்.

பாட்டில் தவறுவது நேரம். தேய்ப்பதற்கு மட்டும் 20 விநாடி வேண்டும். நனைப்பதும் அலசுவதும் சேர்த்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு 40 முதல் 60 விநாடி. வேகமாகப் பாடினால் பாட்டு எட்டு விநாடியில் முடிந்துவிடும், கையும் அதோடு நின்றுவிடும். அதற்குப் பதில் இரண்டாம் வாய்ப்பாட்டை 'ஓரிரண்டு இரண்டு' தொடங்கிப் பத்து வரி நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய 20 விநாடி ஆகிவிடும்.

செய்து காட்டும் பாடங்கள்

மூன்று சோதனைகள் பள்ளிகளில் பிரபலம். அவற்றில் மிளகுத்தூள் சோதனையை விட்டுவிடலாம். தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் விலகி ஓடும். அது பரப்பு இழுவிசை செய்யும் வேலை. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோப்பைத் தொட்டாலே கிருமி ஓடிவிடும், தேய்க்க வேண்டியதில்லை என்ற தப்பான பாடத்தைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். ரொட்டித் துண்டில் பூஞ்சை வளர்க்கும் சோதனையும் அப்படித்தான். பூஞ்சை வித்து காற்றிலிருந்தே வரும். கழுவிய ஈரக்கையால் தொட்ட துண்டு முதலில் பூத்துவிட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

மஞ்சள் வேறு ரகம். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளை நான்கு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் குழைத்து, இரு கைகளிலும் நகம்வரை தடவச் சொல்லுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் கழுவட்டும். எண்ணெய் இருப்பதால் மஞ்சள் போகாது. தண்ணீர் மட்டும் போதாது என்பதை நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. அடுத்து கட்டிச் சோப்பு. சோப்பு காரத்தன்மை உள்ளது. சுண்ணாம்பு பட்டு ஆரத்தித் தண்ணீர் சிவப்பதைப் போல, சோப்பு பட்ட இடமெல்லாம் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். அலசுவதற்கு முன்பே கைகளை நீட்டச் சொல்லிப் பாருங்கள். அலசினால் அந்தச் சிவப்பு மங்கிவிடும். மஞ்சளாகவே நிற்கும் இடம் சோப்பு எட்டாத இடம். பெரும்பாலும் கட்டைவிரலின் அடி, நகத்தின் ஓரம், விரலிடுக்கு. 1978இல் பிரிட்டனில் செவிலியர்களிடம் நடந்த ஆய்விலும் அதிகம் விடுபட்டவை கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்குதான். பெரியவர்களே விடும் இடத்தைப் பிள்ளை விடுவதில் ஆச்சரியமில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பம்ப் போத்தலில் வரும் திரவ சோப்புகள் பலவற்றில் காரம் குறைவு என்பதால் நிறம் மாறாது. கட்டிச் சோப்புதான் வேண்டும். நகத்தில் மஞ்சள் ஒரு நாள் நிற்கும், அது அழுக்கல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீருடையில் பட்டால் அம்மாவிடம் திட்டு நிச்சயம். பருவத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். இது கைக்குத் திறமையைத் தரும், தினசரிப் பழக்கத்தைத் தராது.

வரிசையாக நின்று கழுவும் குழாய்

பழக்கம் உருவாவது இங்கேதான், ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும். 200 பிள்ளைகள், 4 குழாய்கள், ஆளுக்கு 45 விநாடி என்றால் 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். சாப்பாட்டு இடைவேளையே அதில் போய்விடும். மூன்றாம் நாள் ஆசிரியரே 'போதும் போ' என்பார். 20 அடி நீளமுள்ள ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் 40 செ.மீ.க்கு ஒரு துளை போட்டால் ஒரே நேரத்தில் 15 பேர் நிற்கலாம். சுற்றுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 14 நிமிடத்தில் வேலை முடியும்.

துளை 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பெரிதாகப் போட்டால் முதல் நான்கு பேருக்குப் பீய்ச்சும், கடைசிப் பிள்ளைக்குச் சொட்டும். முனையை மூடியால் அடையுங்கள். ஆனால் ஒட்டிவிடாதீர்கள், மணலும் பாசியும் அடைத்தால் திறந்து கழுவ வேண்டும். தொடக்கத்தில் ஒரு கேட் வால்வு. மூத்த வகுப்புப் பிள்ளை ஒருவர் அதைத் திறந்து மூன்று விநாடியில் மூடுவார். எல்லோரும் சோப்பு போட்டு வாய்ப்பாடு சொல்லித் தேய்ப்பார்கள். மறுபடி பத்து விநாடி திறப்பார். ஆளுக்கு அரை லிட்டருக்குள் முடிந்துவிடும். சாதாரணக் குழாயை 45 விநாடியும் திறந்தே விட்டால், நிமிடத்துக்கு 6 லிட்டர் வேகத்தில் நாலரை லிட்டர் போய்விடும்.

தட்டை எங்கே வைப்பது? இதை யாரும் யோசிப்பதில்லை. குழாய்க்கு எதிரே ஒரு சிமெண்டு திண்ணை போதும். அல்லது கழுவிய பிறகே தட்டைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டதால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாரத்தில் பத்து முறை இந்தப் பயிற்சி தானாகவே கிடைக்கிறது. அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாளன்று ஒரு முறை நடத்தும் ஊர்வலத்தை இதோடு ஒப்பிடவே முடியாது.

கால்தடமும் மிதி கேனும்

கழிப்பறை விஷயத்தில் கூட்டுக் கைகழுவல் உதவாது. அங்கே பிள்ளை தனியாகத்தான் போகும். வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் கழிப்பறையிலிருந்து குழாய்வரை பாதை போட்டு, அதில் கால்தடங்களையும் குழாயடியில் கைத்தடங்களையும் வண்ணத்தில் வரைந்தார்கள். பாடம் எதுவும் நடத்தவில்லை. கழிப்பறை போய் வந்து சோப்பால் கழுவியவர்கள் 4 சதவீதத்திலிருந்து மறுநாளே 68 ஆனார்கள். ஆறு வாரம் கழித்தும் 74 சதவீதம். இரண்டே பள்ளிகள்தான், ஆனால் ஒரு டப்பா பெயின்ட் செலவில் செய்து பார்க்கத் தகுந்தது. குழாயடியில் சோப்பு இல்லையென்றால் தடம் வரைந்தும் பயனில்லை.

தண்ணீர் வராத இடத்துக்கு, காலால் குச்சியை மிதித்தால் கயிறு இழுத்துச் சாயும் 5 லிட்டர் கேன் நல்ல மாற்று. ஆனால் கயிறு இற்றுப்போகும், குச்சி உடையும், 50 பேர் கழுவினாலே கேன் காலி. நிரப்பும் பொறுப்பு யாருக்கென்று பெயர் எழுதாவிட்டால் ஒரு மாதம் தாங்காது. சானிடைசரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்: மண் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது, புழுமுட்டையை அகற்றாது, சமையலறைப் பக்கம் தீப்பற்றும் பொருள் வேறு.

எந்த முறையை எடுத்தாலும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டி, திங்கட்கிழமை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மறுபடி நிறுங்கள். எடை குறையவே இல்லையென்றால் பாட்டை மாற்றாதீர்கள். மணி அடித்ததும் குழாயடிக்குப் போய், தட்டு எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.