நடுவில் துளையுள்ள எஸ்.எஸ். போல்ட்: வாங்குவதா, போட்டுக்கொள்வதா?

மேசை விளக்கு ஒன்று செய்துகொண்டிருந்தேன். கை மடங்குகிற மூட்டில் வயர் வெளியே தொங்கக் கூடாது, மூட்டை இறுக்கும் போல்ட்டுக்கு உள்ளேயே போக வேண்டும். அப்படியென்றால் தலையிலிருந்து நுனி வரை 3 மி.மீ. துளை வேண்டும், வெளித் தடிமன் 8 அல்லது 10 மி.மீ. இருக்கலாம், துரு பிடிக்கக் கூடாது, அதாவது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்க வேண்டும். ‘துளையுள்ள திருகு’ என்று கேட்டபோது யாருக்கும் பிடிபடவில்லை. தேடத் தேடத்தான் காரணம் தெரிந்தது. இதற்கு ஒரே பெயர் கிடையாது. உள்ளே என்ன போகிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு தொழிலிலும் ஒரு பெயர். பிரேக் எண்ணெய் போனால் பான்ஜோ போல்ட், அடைபட்ட காற்று வெளியேறினால் வென்டட் ஸ்க்ரூ, வயர் போனால் விளக்கு நிப்பிள்.

எளிதில் கிடைப்பது பான்ஜோ போல்ட்தான். வண்டி பிரேக்கில் எம்10 அளவில் (மரையின் வெளித் தடிமன் 10 மி.மீ.), பிட்ச், அதாவது அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி, 1 அல்லது 1.25 மி.மீ. என வரும், எஸ்.எஸ்.ஸிலும் உண்டு. படத்தில் பார்த்தால் நமக்காகவே செய்தது போல இருக்கும். ஆனால் துளை மரை பக்கம் தொடங்கித் தலைக்கு முன்னாலேயே நின்றுவிடும். எண்ணெய் அங்கிருந்து பக்கவாட்டுத் துளை வழியாகத் திரும்பிப் போகிறது. வயரை அப்படித் திருப்பினால் பக்கத் துளையின் விளிம்பு மேலுறையை அறுத்துவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பாதி வேலை ஏற்கெனவே முடிந்த போல்ட் இது; மீதி இருக்கும் தலையை மட்டும் துளைத்தால் போதும், இருக்கிற துளையே டிரில் பிட்டை நேராகப் பிடித்துக்கொடுக்கும். பக்கத் துளை உள்ள இடத்தில் பலம் குறைவு என்பதால் விளக்கு போன்ற லேசான வேலைக்கு மட்டும் சரி. அப்படித் துளைத்ததைத் தவறிக்கூட மறுபடி பிரேக்கில் மாட்டிவிடாதீர்கள்.

வென்டட் ஸ்க்ரூ வேறு உலகத்துச் சரக்கு. வெற்றிடக் கலன்களுக்குள் முட்டுத் துளையில் (மறுபக்கம் திறக்காத துளை) ஒரு சாதாரண திருகைப் போட்டால் அடியில் கொஞ்சம் காற்று சிக்கிக்கொள்ளும். அது மரை இடுக்கு வழியாக மெல்ல மெல்லக் கசிந்து, கலன் எங்கோ ஒழுகுவது போலவே காட்டும். அதைத் தவிர்க்கத்தான் நடுவில் துளை. நேர்த்தியான வேலை, தலை முதல் நுனி வரை துளை இருக்கும். ஆனால் காற்றுக்கு மெல்லிய துளையே போதும் என்பதால் இரட்டை வயர் நுழையாது, விலையும் அதிகம். ஒற்றை இழை சென்சார் வயர் என்றால் யோசிக்கலாம்.

இவை இரண்டும் ஒத்துவராததால் நானே துளைப்பது என்று எம்8 ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) ஒன்றை எடுத்தேன். பலம் போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது, கணக்குப் போட்டதும் போய்விட்டது. எம்8 மரையில் இழுவையைத் தாங்கும் குறுக்குப் பரப்பு 36.6 ச.மி.மீ. 3 மி.மீ. துளையால் போவது சுமார் 7. ஐந்தில் ஒரு பங்கு இழுவைப் பலம் குறைகிறது. முறுக்கிலோ இழப்பு 5 சதவீதம் அளவுதான். முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் வெளிப்பக்கத்து உலோகம், நடுப்பகுதி சும்மா கூட வருகிறது.

கஷ்டம் எல்லாம் துளைப்பதில்தான். முதல் போல்ட்டில் 20 மி.மீ. ஆழம் போனதும் பிட் உள்ளேயே ஒடிந்தது. சத்தம் மாறியதை, கீச்சென்று கேட்டதை, நான் கவனித்தும் கையை எடுக்கவில்லை. எஸ்.எஸ். தேய்த்தால் இறுகும் உலோகம். பிட் வெட்டாமல் ஒரே இடத்தில் உரசினால் போதும், அந்தப் பரப்பு கெட்டியாகி அடுத்த பிட்டையும் தின்றுவிடும். இரண்டாவதை லேத்தில் பிடித்து, கோபால்ட் கலந்த பிட்டில், சுமார் 1000 ஆர்.பி.எம். வேகத்தில், கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டு, விடாமல் ஒரே அழுத்தம் கொடுத்து, அடிக்கடி முழுவதுமாக வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட்டுத் துளை போட்டேன். நேராக வந்தது. லேத் இல்லாதவர்களுக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன். கை டிரில்லில் 40 மி.மீ. நீளத்துக்கு மையம் விலகாமல் போவது அதிர்ஷ்டம்தான்.

கடைசியில் விளக்கில் இருப்பது அந்த போல்ட் அல்ல, நிப்பிள்தான். முழு நீளத்துக்கும் வெளியே மரை போட்ட குழாய், எம்10, பிட்ச் 1 மி.மீ. தலை கிடையாது, இரண்டு பக்கமும் நட் போட்டுக்கொள்ள வேண்டும். மூட்டுக்கு அதுவே வசதி, நீளத்தை நாமே வெட்டிக்கொள்ளலாம். நுண்மரை என்பதால் சுவரும் அதிகம் போகாது. பிட்ச் 1 மி.மீ. மரை ஒரு பக்கத்தில் சுமார் 0.6 மி.மீ. ஆழம்தான் தின்னும். 2 மி.மீ. சுவர் உள்ள 10 மி.மீ. குழாயில் 1.4 மி.மீ. மிஞ்சுகிறது, உள்துளை 6 மி.மீ. கிடைக்கிறது. எஸ்.எஸ். குழாய் வாங்கி டை (வெளி மரை வெட்டும் கருவி) வைத்து நாமே மரை போட்டாலும் இதே கணக்குதான். 1 மி.மீ. சுவர்க் குழாயில் மட்டும் முயலாதீர்கள், 0.4 மி.மீ. தகடுதான் மிஞ்சும், நட்டை இறுக்கினால் கழன்று வந்துவிடும்.

நிப்பிள் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். பளபளப்பாக இருப்பதெல்லாம் எஸ்.எஸ். இல்லை, குரோம் பூசிய பித்தளையும் துத்தநாகம் பூசிய இரும்பும்தான் அதிகம். அரத்தால் லேசாக இழுத்தால் பித்தளை மஞ்சளாகச் சிரிக்கும், இரும்பு என்றால் காந்தம் படாரென்று ஒட்டும். எஸ்.எஸ். போல்ட்டிலும் காந்தம் கொஞ்சம் இழுக்கலாம், குளிர்நிலையில் அடித்து வடித்ததால் அப்படி, ஏமாற்று இல்லை. ஈரம் படாத இடம் என்றால் பித்தளையே போதும் என்பேன். என் விளக்கு ஜன்னல் ஓரம், சாரல் அடிக்கும், அதனால்தான் பிடிவாதம்.

எதை எடுத்தாலும் இரண்டு முனையையும் கவுன்டர்சிங்க் பிட்டால் (கூம்பு முனை பிட்) கூர் போக மழுக்கிவிடுங்கள். விரல் நுனியைத் துளை விளிம்பில் வைத்துச் சுற்றினால் எதுவும் சுரண்டக் கூடாது. வயருக்கு ஸ்லீவ் ஒன்று போடுங்கள். நான் 12 வோல்ட் எல்.இ.டி. வைத்திருக்கிறேன், வீட்டு மின்சாரத்தை அப்படியே கொண்டுபோனால் உலோக உடம்புக்கு எர்த் கட்டாயம். எஸ்.எஸ். மரையில் எஸ்.எஸ். நட் காய்ந்தபடி ஓடினால் பாதியில் கவ்விப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதைத் தடுக்க ஆன்ட்டி-சீஸ் என்ற மசகு ஒரு துளி போதும். என் மூட்டில் ஸ்பிரிங் போல அழுத்தும் ஒரு அலை வாஷரும் (நெளிந்த வாஷர்) ஒன்றோடொன்று இறுக்கிய இரண்டு நட்டும் இருக்கின்றன. கையை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது.